நீரோட்டமும் முள்ளும்

விழா மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு பழைய மாணவர் சங்கத்தார் எம்மைக் கேட்டபோது, தமிழாசிரியர் ஆகலின் இலக்கியப் பொருள் ஒன்றையே யாம் எழுதுவோம் என அவர்கள் எண்ணியிருத்தல் கூடும். யாமும் அவ்வாறே எண்ணினோம். சீவக சிந்தாமணியைப் பற்றிச் சில பக்கங்கள் எழுதவும் தொடங்கினோம். தொடங்கிய இடத்திலேயே எம் எண்ணம் வேறு வழி சென்றுவிட்டது. இறுதியில் எழுதி முடித்ததோ, ஒரு தண்ணீர்ப் பம்பியைப் பற்றிய கட்டுரை. அன்பர்கள் பொறுத்தருள்க.

சச்சந்தன் என்னும் அரசன், பகை சூழ்ந்த வேளையிலே, கருவுற்றிருந்த தன் தேவி விசயையை மயிற்பொறி ஒன்றில் ஏற்றி வானிற் செலுத்திய கதையை நம் கல்லூரியிலே தமிழ் பயின்றோர் அறிவர். வல்ல தச்சன் ஒருவனைக் கொண்டு அரசன் செய்வித்த பொறி அது. விசயை அதனைச் செலுத்தவும் பயின்றிருந்தாள். ஒருபுறம் திருகினால் எழும். மறுபுறம் திருகினால் இறங்கும். இக்கால வழக்கிற் சொல்வதாயின், அது வீட்டிலே கட்டிய ஆகாய விமானம்.

ஏறக்குறையப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன், ஹற்றனுக்கு அணித்தாயுள்ள தோட்டப் பாடசாலையொன்றில் இப்பகுதியை யாம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, பின்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "சேர், மேலே போனபிறகு பொறியில் ஏதாவது பழுது என்றால் விசயைக்கு அது எப்படித் தெரியும்?" என்று கேட்டான். "இது காப்பியம், தம்பி, காப்பியத்திலே பொறி பழுதாகாது" என்றோம். வகுப்புச் சிரித்தது, அவனும் சிரித்துக்கொண்டு அமர்ந்தான். அது நல்ல வினா என்பதும், எமது விடை விடையே அன்று என்பதும் அன்று எமக்குத் தோன்றவில்லை.

அம்மாணவர் இன்று அவுஸ்திரேலியாவில் வாகன மின்னியல் தொழில் செய்கின்றார். சென்ற ஆண்டு விடுமுறையில் ஊர் வந்தவர் கொட்டகலையிலுள்ள எம் இல்லத்துக்கும் வந்தார். தேநீர் அருந்திக்கொண்டிருக்கையில், "சேர், நானும் இரண்டு நண்பர்களும் சேர்ந்து ஒரு மயிற்பொறி கட்டுகிறோம்" என்றார். ஓய்வு நாட்களில் கொட்டகை ஒன்றிலே அவர்கள் மூவரும் கட்டிவரும் இருவர் அமரும் சிறு விமானத்தின் படங்களையும் காட்டினார்.

எமக்கு முதலில் எழுந்தது மகிழ்ச்சி அன்று, அச்சம். மலைநாட்டிலே ஆகாய விமானம் என்றால் முதியோர் நினைவுக்கு வருவது 1974 ஆம் ஆண்டு டிசம்பர் 4 ஆம் நாள் இரவு. அன்று இந்தோனேசியாவிலிருந்து மக்கா யாத்திரிகரை ஏற்றிவந்த டி.சி. 8 விமானம், கட்டுநாயக்காவில் இறங்குவதற்குத் தாழ்ந்து வரும்போது, நோட்டன் பிறிஜ், மஸ்கெலியாப் பகுதியிலுள்ள ஏழு கன்னியர் மலையில் மோதியது. அதிலிருந்த 191 பேரும் மாண்டனர். விமானம் எவ்விடத்தில் உள்ளது என்பதை விமானிகள் தவறாக உணர்ந்து, தாழ்ந்து பறக்கலாம் எனக் கருதியதே காரணம் என்று விசாரணையாளர் முடிவு கூறினர். கருவிகள் இருந்தும், அவற்றிலிருந்து தாம் பெற்ற செய்தி பிழையென அவர்கள் அறிந்திலர். இதனை எம் மாணவரிடம் கூறினோம். அவர் மறுக்கவில்லை. "அதுதான் சேர் எங்களுக்கும் பெரிய வேலை. கட்டுவதைவிட, கட்டியது சொல்வதைச் சரியாகக் கேட்பது கடினம்" என்றார்.

வீட்டில் விமானம் கட்டுவது பித்தர் செயல் அன்று. ரைட் சகோதரர் 1903 ஆம் ஆண்டு டிசம்பர் 17 இல் பறக்கச் செய்ததும் தம் சைக்கிள் தொழிற்கூடத்திலே உருவாக்கிய விமானமே. அதன் எஞ்சின் ஏறக்குறைய 12 குதிரைவலுவுடையது, நீராற் குளிர்வது, ஆயினும் அதிலே தண்ணீர்ப் பம்பி இல்லை. அன்றைய மிக நீண்ட பறப்பு 59 விநாடியே ஆகலின் பம்பியின் குறை அவர்களை வருத்தவில்லை. 1930களில் பிரான்சு நாட்டு ஹென்றி மினியே என்பார், 'வானத்துப் பேன்' எனப் பொருள்படும் பெயருடைய சிறு விமானம் ஒன்றை வகுத்து, பிறரும் அதனைக் கட்டுமாறு நூல் எழுதினார். 1953 இல் அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலத்திலே போல் பொபெரெஸ்னி என்பார் இத்தகையோருக்கென ஒரு சங்கமே நிறுவினார். நம் நாட்டிலும் ரே விஜேவர்தன இருந்தார். 1924 இல் பிறந்து 2010 இல் மறைந்த அப்பொறியியலாளர், வயலுக்கு இரு சில்லு உழவு இயந்திரத்தை வகுத்தவர். 1968 இல் மெக்சிக்கோ ஒலிம்பிக்கிலே பாய்க்கப்பல் செலுத்தியவர். தம் கையாலே சிறு விமானங்களைக் கட்டிப் பறந்தவர்.

எம் மாணவர் குழு தம் விமானத்துக்குக் கார் எஞ்சின் ஒன்றைத் திருத்திப் பூட்டியிருக்கின்றது. அதன் குளிர்ப்பு நீரைச் சுற்றியோடச் செய்வது மின்பம்பி. பழைய முறையில் எஞ்சினே வார்ப்பட்டியினாலோ பற்சில்லினாலோ பம்பியைச் சுழற்றும். மின்பம்பிக்கோ வார்ப்பட்டி வேண்டா. அதனை வேண்டிய இடத்திலே பொருத்தலாம். எஞ்சினை நிறுத்திய பின்னரும் சிறிது நேரம் ஓடவிட்டு, உள்ளே தேங்கிய சூட்டை வெளியேற்றலாம். ஹற்றன் வீதியிலே நாம் நாளும் காணும் பிரியஸ் கார்களுள்ளும், 2009 இல் வெளிவந்த மூன்றாந் தலைமுறையினவற்றில் எஞ்சினின் நீர்ப்பம்பி மின்னாலேயே ஓடுகின்றது. ஆயின் நன்மையோடு தீமையும் உடன் வந்தது. வார்ப்பட்டியில் ஓடும் பம்பி எஞ்சின் சுழலுமளவும் சுழலும். பட்டி அறுந்தாலன்றி நில்லாது. மின்பம்பியோ ஒரு கம்பி தளர்ந்தாலும், ஓர் உருகி எரிந்தாலும், பற்றரி சோர்ந்தாலும் நின்றுவிடும். எஞ்சின் அதனை அறியாது ஓடிக்கொண்டேயிருக்கும்.

நின்றால் என்னாகும் என்பதை ஒரு தாளிலே அவர் கணக்கிட்டுக் காட்டினார். எரிபொருள் தரும் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குளிர்ப்பு நீரையே சேரும். விநாடிக்கு 60 கிலோயூல் வெப்பம் நீரைச் சேர்கின்றது எனவும், விநாடிக்கு ஒரு லீற்றர் நீர் ஓடுகின்றது எனவும் கொள்வோம். எஞ்சினைக் கடந்து வெளிவரும் நீர் உட்புகுந்ததைக் காட்டிலும் ஏறக்குறைய 14 பாகை சூடேறியிருக்கும்; ரேடியேற்றர் அச்சூட்டைக் காற்றுக்குக் கொடுத்துவிடும். ஓட்டம் நின்றாலோ அத்தனை வெப்பமும் எஞ்சினுள்ளே நிற்கும் சில லீற்றர் நீரிலும் அதனைச் சூழ்ந்த உலோகத்திலுமே தங்கும். ஓரிரு நிமிடத்துக்குள் நீர் கொதித்துவிடும். வீதியிலாயின் வண்டியை ஓரங்கட்டலாம். வானத்திலே ஓரமில்லை.

கொதிக்கும் சூடும் எங்கும் ஒன்றன்று. நுவரெலியாவில் பருப்பு வேகச் சுணங்குவதை அங்குள்ள தாய்மார் அறிவர். அந்நகர் 1,868 மீற்றர் உயரத்தில் இருத்தலின், திறந்த பாத்திரத்து நீர் 100 பாகையில் அன்று, ஏறக்குறைய 94 பாகையிலேயே கொதித்துவிடுகின்றது. 3,000 மீற்றர் உயரத்திலோ 90 பாகையளவிற் கொதிக்கும். அதனாலன்றோ ரேடியேற்றரை அழுத்தம் தாங்கும் மூடியால் இறுக மூடுகின்றனர். எங்கேனும் சிறு கசிவு ஏற்பட்டு அவ்வழுத்தம் போய்விடின், மேலே பறக்கும் விமானத்தில் நீர் எளிதிற் கொதிக்கும்; குமிழ்கள் பம்பியின் வாயை அடையும்; பம்பி சுழன்றாலும் நீரைத் தள்ளாது.

இவற்றையெல்லாம் விமானி அறிவது எவ்வாறு? பதினைந்து ஆண்டுகளுக்கு முன் பின்வரிசையிலிருந்து எழுந்த வினா இது. இம்முறை விடை கூறியவர் அவரே.

"முதலில் ஒரு விளக்கு மட்டும் வைத்தோம், சேர். பம்பிச் சுவிட்சைப் போட்டால் அது எரியும். பிறகுதான் யோசித்தோம். அந்த விளக்கு சொல்வது சுவிட்ச் போட்டிருக்கிறது என்பதை மட்டுந்தான். பம்பி சுற்றுகிறதா என்று அதற்குத் தெரியாது."

அடுத்துப் பம்பிக்குச் செல்லும் மின்னோட்டத்தை அளக்கும் அம்பியர்மானி வைத்தனர். அது கூடுதலாக அறிவித்தது. வழக்கமாக எட்டு அம்பியர் இழுக்கும் பம்பி எனின், கம்பி அறுந்தால் முள் சுழியத்துக்கு வரும். நீரின்றி வெறுமையாய்ச் சுழன்றால் வேலை குறைதலின் எட்டுக்குக் கீழே இறங்கும். குப்பை சிக்கியோ தாங்கி இறுகியோ திணறினால் எட்டுக்கு மேலே ஏறும். ஆகவே, ஏற்றம் மட்டுமன்று, இறக்கமும் எச்சரிக்கையே. ஒவ்வொரு முறையும் வழக்கமான அளவு எதுவெனக் குறித்து வைத்தாலன்றி இவ்வேறுபாடு புலப்படாது. இவற்றோடு நீரின் அழுத்தத்துக்கு ஓர் உணரியும், மேல்தொட்டியின் நீர்மட்டத்துக்கு ஓர் உணரியும் வைத்தனர். கசிவாயின் சூடேறுமுன்னரே அவை சொல்லும். இவற்றுக்கெல்லாம் மேலாக, குழாயினுள்ளே ஓடும் நீர் தள்ளும்போது மட்டும் சாயும் சிறு துடுப்பு ஒன்றை வைத்தனர். நீர் நின்றால் துடுப்பு நிமிரும். உடனே சிவப்பு விளக்கு எரியும், செவிப்பொறியில் ஒலியும் எழும். அவ்வொலி கேட்டதும் இரண்டாவது பம்பியை இயக்குவர். எஞ்சினின் வலுவைக் குறைப்பர். இறங்குதற்குரிய வெளியைத் தேடுவர்.

"சூடு காட்டும் முள் ஒன்று போதாதோ?" என்று வினவினோம்.

"போதாது, சேர். அதுதான் ஏமாற்றும். சூட்டுணரி நீருக்குள் இருக்கும்வரை உண்மை சொல்லும். நீர் வடிந்துவிட்டால் அது காற்றிலே தொங்கும். எஞ்சின் எரிந்துகொண்டிருக்கும், முள்ளோ கீழே இறங்கும்" என்றார்.

யாம் பேசாதிருந்தோம். கீழிறங்கும் அம்முள்ளை எம் பதினான்காம் வயதிலே யாம் கண்டிருக்கின்றோம்.

எந்தையார் ஒரு தேயிலைத் தோட்டத்து ஸ்டோரிலே இஞ்சின்காரராக இருந்தவர். தோட்டத்தின் பெயர் இங்கு வேண்டா. 1996 ஆம் ஆண்டு கடும் வறட்சி. மழையை நம்பி நின்ற மின்னிலையங்களின் நீர்த்தேக்கங்கள் வற்றின. நாடெங்கும் நாள்தோறும் பல மணிநேரம் மின்வெட்டு. லக்சபானவின் மின்சாரம் அணித்தே பிறந்தும் எங்கள் லயங்கள் இருளில் இருந்தன. ஸ்டோரிலே நெடுங்காலம் ஓய்ந்துகிடந்த பழைய எண்ணெய் எஞ்சினை எந்தையாரே கழற்றித் துடைத்து மீண்டும் ஓடச் செய்தார்.

அவ்வெஞ்சினைக் குளிர்விக்கும் நீரை வார்ப்பட்டியில் ஓடும் பம்பி ஒன்று தொட்டியிலிருந்து தள்ளும். எஞ்சினைச் சுற்றிவந்த நீர், குழாய் வாயினின்று திறந்த புனல் ஒன்றிலே எல்லோர் கண்ணுக்கும் தெரிய விழுந்து, மீண்டும் தொட்டியைச் சேரும். குழாய் வாயருகே சூடு காட்டும் வட்டமுகக் கருவியும் இருந்தது. எந்தையார் அக்கருவியை நோக்குவதிலும், விழும் நீரிலே விரலை வைத்துப் பார்ப்பதே மிகுதி. "மணிக்கூடு மாதிரி முள்ளு இருக்கே, ஏன் கையை வைக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டோம். "முள்ளு சூட்டைச் சொல்லும், தம்பி. தண்ணி வருதா இல்லையான்னு தண்ணிதான் சொல்லும்" என்றார்.

அவ்வாண்டு விடுமுறைக்கு விடுதியிலிருந்து வீடு வந்திருந்தோம். ஓரிரவு எந்தையாருக்கு உணவு கொண்டு ஸ்டோருக்குச் சென்றோம். உலர்த்தியிலே ஏதோ தடை என்று அவரை அழைத்தனர். "கால் மணி நேரம் இரு. தண்ணியைப் பாத்துக்கிட்டே இரு. நின்னா ஓடி வந்து சொல்லு" என்று கூறிச் சென்றார். எம் கையிலோ நம் கல்லூரி நூலகத்திலே இரவல் பெற்ற வரலாற்று நாவல் ஒன்று இருந்தது. கதை உச்சத்தில் நின்றது. புனலருகே நின்றால் வெளிச்சம் போதாது. விளக்கின் கீழே அமர்ந்தால் முள் தெரியும், நீர் தெரியாது. விளக்கின் கீழே அமர்ந்தோம். இரு பக்கத்துக்கு ஒருமுறை முள்ளை நோக்கினோம். முள் மெல்லக் கீழிறங்கிற்று. எஞ்சின் நன்கு குளிர்கின்றது என மகிழ்ந்து மேலும் படித்தோம்.

வார்ப்பட்டி கழன்று பம்பி நின்றுவிட்டது. குழாய் வாயிலிருந்த நீர் வடிந்து, கருவியின் குமிழைக் குளிர்ந்த இரவுக் காற்றுச் சூழ்ந்தது. காற்றின் சூட்டையே அது பிழையறக் காட்டிக்கொண்டிருந்தது. எஞ்சினுள்ளே இரும்பு இரும்போடு உரசி எழுப்பிய ஓசை கேட்டு யாம் எழுந்தபோது, எஞ்சின் இறுகி நின்றது. ஸ்டோர் முழுவதும் இருண்டது. அரைத்துப் பரப்பிய கொழுந்து உரிய வேளையில் உலர்த்தியைச் சேராமல், அளவு மீறிப் புளித்துக் கெட்டது.

டீமேக்கர் ஐயா வந்து வினவியபோது எந்தையார், "பாக்காம விட்டது நான்தான்ங்க" என்றார். எம்மைப் பற்றி ஒரு சொல் இல்லை. யாம் அருகிலே நின்றோம், வாய் திறந்தோமல்லோம். அடுத்த வாரம் முதல் அவர் இஞ்சின்காரர் அல்லர்; உலர்த்தியின் அடுப்புக்கு விறகு தள்ளுபவர். ஓய்வு பெறும்வரை அவ்வேலையே பார்த்தார். விடுமுறை முடிந்து யாம் விடுதிக்குப் புறப்பட்ட காலையில், எஞ்சின் அறையிலே விட்டுவந்த அந்நூலை எம் கையிலே தந்தார். அட்டையில் எண்ணெய்க் கறையைத் துடைத்திருந்தார். "படிக்கிறப்ப படி. தண்ணி பாக்கச் சொன்னா தண்ணியைப் பாரு" என்றார். அதன்பின் அதனைப் பற்றி அவர் பேசியதேயில்லை. 2011 இல் அவர் மறைந்தார். அன்றிரவு காவலிருந்தவர் யாமே என்பதை டீமேக்கரிடமும் கூறவில்லை, பிறரிடமும் கூறவில்லை. எம் மாணவரிடமே முதலிற் கூறினோம்; இப்போது இம்மலரிலே எழுதுகின்றோம்.

கேட்டு முடித்த அவர் நெடுநேரம் கழித்து, "உங்கள் அப்பாவின் விரல்தான், சேர், எங்கள் துடுப்பு" என்றார்.

ஆசிரியத் தொழிலிலே இருபதாண்டு கழித்த எமக்கு இதிலே ஒரு பாடம் உண்டு. வரவுப் பதிவேட்டிலே ஒரு மாணவிக்கு நேரே நாள்தோறும் அடையாளமிட்டு வந்தோம். அது சுவிட்ச் விளக்கு. அவள் வரவரப் பேச்சுக் குறைந்து அமைதியானாள். அடக்கம் என்று மகிழ்ந்தோம். அது கீழிறங்கிய முள். ஒருநாள் அவள் வரவில்லை. வீட்டிலே தம்பியரைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்று நிறுத்திவிட்டனர். அவள் இல்லம் தேடிச் சென்று பேசி மீண்டும் அழைத்துவர இரண்டு மாதம் ஆயிற்று. முன்னரே அவளருகே சென்று ஒரு வினாடி கேட்டிருப்பின் அத்துணைக் காலம் வீணாகியிராது. கொட்டகலை ஆசிரியர் கலாசாலையிலே பயிற்றப்பட்ட ஆசிரியர் சான்றிதழ் பெற்ற யாம், பரீட்சைப் புள்ளியை அளக்க நன்கு கற்றிருந்தோம். விரல் வைத்துப் பார்க்கக் கற்பித்தவர் எந்தையார். அதனை யாம் காலந்தாழ்த்தே கற்றோம்.

திருவள்ளுவர் பொச்சாவாமை என ஓர் அதிகாரம் வகுத்தார். பொச்சாப்பு என்பது வெறும் மறதியன்று. மகிழ்ச்சியினால் வரும் மறதி. முள் இறங்குவதைக் கண்டு மகிழ்ந்த அக்கால் மணி நேரத்துக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் இல்லை.

எம் மாணவரின் விமானம் இன்னும் பறக்கவில்லை. நிலத்திலே கட்டிவைத்து எஞ்சினை மணிக்கணக்காக ஓட்டி, வேண்டுமென்றே பம்பியின் கம்பியைக் கழற்றி, சிவப்பு விளக்கு எத்தனை விநாடியில் எரிகின்றது என்று சோதித்து வருவதாக அண்மையில் எழுதியிருந்தார். அவசரப்படவேண்டா என விடை எழுதினோம். விசயைக்கு அப்பொறியிலே என்ன குறி இருந்தது என்று அவர் கேட்ட வினாவுக்கு, எமக்கு விடை தெரியாது என்பதையும் அக்கடிதத்திலேயே எழுதிவிட்டோம்.

மாணவச் செல்வங்களே, நாளை உங்களுட் சிலர் வைத்தியராவீர், சிலர் பொறியியலாளராவீர், சிலர் எம்மைப் போல ஆசிரியராவீர். எத்தொழிலிலும் உங்கள் முன் ஒரு முள் ஆடிக்கொண்டிருக்கும். அது எதனை அளக்கின்றது என்று ஒருமுறை கேளுங்கள். பின்னர் எழுந்து சென்று, நீர் விழுகின்றதா என்று பாருங்கள்.

நம் கல்லூரி நீடு வாழ்க.